டெர்மினலில் கீ சொன்னபடி கேட்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோழிங்கநல்லூரில் இரவு ஷிஃப்டில் சர்வர் பார்ப்பது என் வேலை. புதிதாகச் சேருகிற பிள்ளைகள் மூன்று மாதத்துக்குள் இந்தக் கேள்விகளில் பாதியையாவது கேட்டுவிடுவார்கள். அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு, போனில், "அக்கா, ஹோம் கீ அடிச்சா என்னமோ வருது" என்று. போனில் என்ன சொல்வேனோ அதையே இங்கே எழுதியிருக்கிறேன். ஆகவே கமாண்டுகளும் வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்திலேயே இருக்கும். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள். 'பெரிய' என்று சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்து.

போனில் வருகிற பழைய தகராறு ஒன்று இங்கேயும் உண்டு. டி என்றால் எந்த டி? டைகர் டி, டாக்டர் டி என்று பிரித்துச் சொல்கிறேன். அதேபோல பஸ் பி, பேப்பர் பி. இதில் கோட்டை விட்டால் விளையாட்டில்லை. டெர்மினல் ஜன்னலில் நாம் அடிக்கிற கமாண்டை வாங்கி ஓட்டுகிற புரோகிராமுக்கு ஷெல் என்று பெயர். காலி வரியில் கன்ட்ரோல்+டாக்டர் டி அடித்தால் ஷெல் மூடிக்கொள்ளும்.

இரண்டு வரி நீளக் கமாண்ட். தப்பு முதல் வார்த்தையில். அங்கே போகிற வரைக்கும் லெஃப்ட் ஆரோவைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?

பக்கத்து சீட்டுத் தம்பி போன வாரம் இதைத்தான் செய்துகொண்டிருந்தான். ஃபைல்களை நகலெடுக்கிற ஆர்சிங்க் கமாண்டை அடிக்கும்போது கடைசி இரண்டு எழுத்தும் இடம் மாறிவிட்டது. பின்னால் நூற்றைம்பது எழுத்துக்குப் பாதைகளும் ஆப்ஷன்களும். ஆரோவை அழுத்திப் பிடித்தான். கர்சர் மேல் வரிக்கு ஏறி, அந்த வார்த்தையையும் தாண்டி, தொடக்கத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு ரைட் ஆரோவில் ஐந்து தட்டு, பேக்ஸ்பேஸ் இரண்டு, எழுத்து இரண்டு.

நான்கே தட்டில் முடிகிற வேலை அது. கன்ட்ரோல்+ஏ அடித்தால் வரியின் தொடக்கம். ஆல்ட்+எஃப் ஒரு வார்த்தை முன்னால் போகும்; வார்த்தையின் கடைசி எழுத்தைத் தாண்டி நிற்கும். கன்ட்ரோல்+பஸ் பி ஒரு எழுத்து பின்னால். கன்ட்ரோல்+டைகர் டி, கர்சர் மேலிருக்கும் எழுத்தையும் அதற்கு முந்தின எழுத்தையும் இடம் மாற்றிவிடும்.

கூடவே இவற்றையும் விரலுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். கன்ட்ரோல்+ஈ வரியின் கடைசி. ஆல்ட்+பஸ் பி ஒரு வார்த்தை பின்னால். கன்ட்ரோல்+கே கர்சரிலிருந்து கடைசி வரை வெட்டும். கன்ட்ரோல்+யூ கர்சரிலிருந்து தொடக்கம் வரை வெட்டும். வெட்டியது எங்கும் தொலையாது, கன்ட்ரோல்+ஒய் அடித்தால் திரும்ப வரும். பாதி கமாண்டை அடித்த பிறகுதான் "ஐயோ, முதலில் இன்னொன்று பார்க்கணுமே" என்று தோன்றும். அப்போது கன்ட்ரோல்+யூ, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு கன்ட்ரோல்+ஒய். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இதைச் செய்கிறேன்.

எனக்குப் பிடித்தது ஆல்ட்+புள்ளி. போன கமாண்டின் கடைசி வார்த்தையை இங்கே கொண்டுவந்து வைக்கும். எம்கேடிஐஆர் போட்டு நீளமான பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாக்கினீர்களா, அடுத்து அதற்குள் போக சிடி, இடம், ஆல்ட்+புள்ளி. இரண்டிலும் டாக்டர் டி. மறுபடி மறுபடி அழுத்தினால் அதற்கு முந்தின கமாண்டுகளின் கடைசி வார்த்தைகள் வரிசையாக வரும்.

எதையும் செட் செய்யாமலேயே இதெல்லாம் வேலை செய்கிறதே. யார் வைத்தது?

பேஷ் என்கிற ஷெல்லுக்குள் ரீட்லைன் என்று ஒரு நூலகம் (பல புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்) இருக்கிறது. வரியைத் திருத்துகிற வேலை முழுக்க அதனுடையது. பேஷை 1989ல் பிரையன் ஃபாக்ஸ் வெளியிட்டார். ரீட்லைனும் அவர் தொடங்கியதுதான். இப்போது நெடுங்காலமாக இரண்டையும் பராமரிப்பவர் செட் ரேமி. கீகள் ஈமேக்ஸ் எடிட்டரின் பழக்கத்திலிருந்து வந்தவை. பிழை தேட உதவும் ஜிடிபி மாதிரி வேறு பல புரோகிராம்களும் இதே ரீட்லைனைப் பயன்படுத்துவதால், இங்கே செய்கிற மாற்றம் அங்கேயும் தெரியும்.

கீயை அழுத்தினால் ஷெல்லுக்குப் போய்ச் சேருவதுதான் என்ன?

மற்ற கேள்விகளை விட்டாலும் இதை விடாதீர்கள். நெட்டில் கிடைக்கிற பத்து வரியை அள்ளி ஃபைலில் ஒட்டிவிட்டு "வேலை செய்யலையே" என்று நிற்பவர்கள் எல்லாரும் தவறவிட்ட இடம் இதுதான்.

நீங்கள் எந்தக் கீயை அழுத்தினீர்கள் என்பது ஷெல்லுக்குத் தெரியாது. டெர்மினல் அனுப்புகிற எண்கள் மட்டும்தான் அதற்குத் தெரியும். பெரிய ஏ எழுத்துக்கு ஆஸ்கி பட்டியலில் எண் 65. கன்ட்ரோலைச் சேர்த்து அழுத்தினால் 64 கழிந்து, போவது 1. பஸ் பி என்றால் 2. இப்படியே எண்ணிக்கொண்டு போனால் ஐ எழுத்துக்கு 9 வரும். டேப் கீயின் எண்ணும் 9தான். எம் எழுத்துக்கு 13, அது என்டர். சதுர அடைப்புத் திறப்புக்கு 27, அது எஸ்கேப். "அக்கா, கன்ட்ரோல்+ஐக்கு வேற வேலை குடுத்தேன், டேப் செத்துப்போச்சு" என்று வருகிற புகாருக்குக் காரணம் இந்தக் கழித்தல் கணக்குதான். கன்ட்ரோல்+ஏவுக்கும் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏவுக்கும் சாதாரணமாக வித்தியாசம் இல்லாததும் இதனால்தான். இரண்டிலும் போவது 1.

ஆல்ட் கீக்குச் சொந்தமாக எண் கிடையாது. ஆல்ட்+எஃப் அடித்தால் பெரும்பாலான டெர்மினல்கள் முதலில் எஸ்கேப்பையும் பிறகு எஃப்பையும் அனுப்பும். ஆகவே ஆல்ட் வேலை செய்யாத இடத்தில் எஸ்கேப்பைத் தட்டி விட்டுவிட்டு, பிறகு எஃப்பைத் தட்டினால் அதே பலன்.

ஆரோ கீகளுக்கும் ஆஸ்கியில் இடமில்லை. 1978ல் டெக் நிறுவனத்தின் விடி100 டெர்மினல் எப்படி அனுப்பியதோ அப்படியேதான் இன்றைக்கும்: அப் ஆரோவுக்கு எஸ்கேப், சதுர அடைப்பு, பெரிய ஏ. டவுனுக்கு பெரிய பஸ் பி, ரைட்டுக்கு பெரிய சி, லெஃப்ட்டுக்கு பெரிய டாக்டர் டி. அந்த மெஷினை நம்மில் பலர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதன் பாஷையைத்தான் இன்னமும் பேசுகிறோம்.

கன்ட்ரோல்+லெஃப்ட் அடித்தால் ஒரு வார்த்தை பின்னால் போகணும். அதற்குப் பதில் வரியில் 5 என்றும் டி என்றும் விழுகிறது. ஏன்?

டெர்மினல் அனுப்பியது ஒன்றல்ல, பல எழுத்து. ஷெல்லுக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை, தொடக்கத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தை எழுத்தாகக் கொட்டிவிட்டது. ஹோம் கீயை அடித்தால் அலைக்கோடு மட்டும் விழுவதும் இதே கதைதான்.

என்ன வருகிறது என்று முதலில் பாருங்கள். காலி வரியில் கன்ட்ரோல்+வி அடியுங்கள். திரையில் ஒன்றும் நடக்காது. 'அடுத்து வருவதை அப்படியே எழுதிக் காட்டு' என்று சொல்லியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். இப்போது கன்ட்ரோல்+லெஃப்ட். என் லினக்ஸ் லேப்டாப்பில் ^[[1;5 என்று வந்து கடைசியில் பெரிய டாக்டர் டி நிற்கிறது. முதலில் இருக்கும் ^[ இரண்டு எழுத்து இல்லை, எஸ்கேப்பின் உருவம் அது. அடுத்தது உண்மையான சதுர அடைப்பு. 5 என்பது கன்ட்ரோல். கணக்கு இப்படி: ஷிஃப்டுக்கு 1, ஆல்டுக்கு 2, கன்ட்ரோலுக்கு 4; கூட்டியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ஷிஃப்ட்+லெஃப்ட் என்றால் 2, ஆல்ட்+லெஃப்ட் என்றால் 3, கன்ட்ரோல்+லெஃப்ட் என்றால் 5. கன்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்ந்தால் 6.

இனி ஹோம் ஃபோல்டரில் டாட் இன்புட்ஆர்சி (பெயரின் முதலில் ஒரு புள்ளி) என்ற ரீட்லைனின் அமைப்பு ஃபைலைத் திறந்து ஒரு வரி எழுதுங்கள். மேற்கோள் குறி, பேக்ஸ்லாஷ், ஈ, சதுர அடைப்பு, 1, செமிகோலன், 5, பெரிய டாக்டர் டி, மேற்கோள் குறி, கோலன், இடம், பேக்வர்ட்-வேர்ட். பேக்ஸ்லாஷும் ஈயும் சேர்ந்ததுதான் எஸ்கேப். ரைட் ஆரோவுக்குப் பெரிய சி, ஃபார்வர்ட்-வேர்ட். சேமித்துவிட்டு ஷெல்லில் கன்ட்ரோல்+எக்ஸ், கன்ட்ரோல்+ஆர் அடித்தால் ஃபைலை மறுபடி படித்துக்கொள்ளும். லாகவுட் செய்ய வேண்டாம்.

விண்டோஸிலிருந்து சர்வருக்குள் போக புட்டி என்ற டெர்மினல் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். புட்டியின் வழக்கமான அமைப்பில் கன்ட்ரோல்+லெஃப்டுக்கு இந்த 1;5 வராது; எஸ்கேப், பெரிய ஓ, பெரிய டாக்டர் டி என்று வரும். நண்பனின் ஃபைல் நம்மிடம் வேலை செய்யாததற்குப் பெரும்பாலும் இப்படிப்பட்ட காரணம்தான் இருக்கும். பேக்ஸ்பேஸ் அழிக்காமல் ^? போன்ற குறியைப் போட்டாலும் புட்டியின் கீபோர்டு பக்கத்தைத் திறந்து பாருங்கள். பேக்ஸ்பேஸ் 127ஐ அனுப்புவதா 8ஐ அனுப்புவதா என்று அங்கே ஒரு தேர்வு இருக்கிறது.

இன்புட்ஆர்சி ஃபைலைப் புதிதாக உருவாக்கினேன். அதுவரை ஒழுங்காக இருந்த வேறு கீகள் கெட்டுப்போயின.

உபுண்டு, டெபியன் போன்றவற்றில் இடிசி (டைகர் டி) ஃபோல்டருக்குள் பொதுவான இன்புட்ஆர்சி ஒன்று இருக்கும். உங்கள் வீட்டு ஃபைல் இல்லாதபோதுதான் ரீட்லைன் அதைப் படிக்கும். உங்களுடையது வந்ததும் பொதுவானதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஃபைலின் முதல் வரியில் டாலர் குறி, ஒட்டியபடி இன்க்ளூட், இடம், பொது ஃபைலின் முழுப் பாதை. தீர்ந்தது.

கன்ட்ரோல்+எஸ் அடித்தேன். டெர்மினல் உறைந்துவிட்டது. சர்வர் தொங்கிவிட்டதா?

இல்லை. கன்ட்ரோல்+க்யூ அடியுங்கள்.

முதல் வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் எனக்கும் இது நடந்தது. விம் எடிட்டரில் ஒரு கான்ஃபிக் ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தேன். விண்டோஸ் பழக்கத்தில் சேமிக்கிறேன் பேர்வழி என்று கன்ட்ரோல்+எஸ். திரை நின்றது. எதை அடித்தாலும் அசைவில்லை. வியர்த்துப்போய் ஜன்னலையே மூடிவிட்டு மறுபடி லாகின் செய்தால், அந்த ஃபைலை ஏற்கெனவே யாரோ திறந்து வைத்திருப்பதாக விம் மிரட்டுகிறது. அந்த 'யாரோ' நான்தான். சீனியர் அண்ணன் டீ கப்போடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கன்ட்ரோல் க்யூ அடிச்சிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டெலிடைப் காலத்து வழக்கம் இது. கன்ட்ரோல்+எஸ் என்பது 19, 'அனுப்பாதே, நிறுத்து' என்று பொருள். கன்ட்ரோல்+க்யூ 17, 'இனி அனுப்பு'. காகிதத்தில் அடிக்கிற மெஷின் மூச்சு வாங்க அது தேவைப்பட்டது, நமக்கு இல்லை. அணைக்க: எஸ்டிடிஒய் (இரண்டும் டைகர் டி), இடம், கழித்தல் குறி, ஒட்டியபடி ஐஎக்ஸ்ஆன். பேஷ் தொடங்கும்போது படிக்கிற டாட் பேஷ்ஆர்சி ஃபைலின் கடைசியில் போடுங்கள். உபுண்டுவின் பேஷ்ஆர்சி தொடக்கத்திலேயே 'ஆள் உட்கார்ந்து அடிக்கிற ஷெல்தானா' என்று சோதித்து, இல்லையென்றால் வெளியேறிவிடும். அந்தச் சோதனைக்குக் கீழே இருந்தால்தான், டெர்மினலே இல்லாமல் ஓடுகிற ஸ்கிரிப்டுகளில் இந்த வரி தேவையில்லாத எச்சரிக்கையைக் கிளப்பாது.

அணைத்தால் ஒரு லாபமும் உண்டு. அது அடுத்த பதிலில்.

பழைய கமாண்டைத் தேட அப் ஆரோவை நாற்பது தடவை அழுத்துகிறேன்.

கன்ட்ரோல்+ஆர். பிறகு நினைவிருக்கும் துண்டை அடியுங்கள், நடுவிலிருந்து நாலு எழுத்தானாலும் போதும். இன்னும் பழையது வேண்டுமா, மறுபடி கன்ட்ரோல்+ஆர். அவசரத்தில் தாண்டிப் போய்விட்டால் எதிர்த் திசைக்கு கன்ட்ரோல்+எஸ். மேலே சொன்ன நிறுத்து வசதியை அணைத்திருந்தால்தான் அது ஷெல்லுக்கு வந்து சேரும். வேண்டாமென்றால் கன்ட்ரோல்+ஜி.

இதைவிட எனக்குப் பிடித்தது அப் ஆரோவையே மாற்றுவது. இன்புட்ஆர்சியில் பேக்ஸ்லாஷ் ஈ, சதுர அடைப்பு, பெரிய ஏ என்பதற்கு ஹிஸ்டரி-சர்ச்-பேக்வர்ட் என்றும், பெரிய பஸ் பி வருவதற்கு ஹிஸ்டரி-சர்ச்-ஃபார்வர்ட் என்றும் கொடுங்கள். இனி வேறு கம்ப்யூட்டருக்குள் லாகின் செய்கிற எஸ்எஸ்ஹெச் கமாண்டின் பெயரை அடித்துவிட்டு அப் ஆரோவைத் தட்டினால் எஸ்எஸ்ஹெச்சில் தொடங்கும் பழைய கமாண்டுகள் மட்டும் வரும். வரி காலியாக இருந்தால் பழையபடி எல்லாமே வரும். ஆகவே இழப்பு ஒன்றுமில்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் 'ஒரே ஒரு மாற்றம்தான் செய்வேன் என்றால் இதைச் செய்' என்று சொல்கிறேன்.

மேக் வாங்கினேன். இன்புட்ஆர்சியை அப்படியே கொண்டுவந்து வைத்தேன். ஒரு கீயும் மதிக்கவில்லை.

2019ல் வந்த கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பிலிருந்து மேக்கின் வழக்கமான ஷெல் இசட்ஷெல். பால் ஃபால்ஸ்டாட் 1990ல் எழுதியது. இது ரீட்லைனைத் தொடுவதே இல்லை, வரியைத் திருத்தத் தனக்கென்று சொந்த எடிட்டர் வைத்திருக்கிறது. எனவே எழுத வேண்டியது டாட் இசட்எஸ்ஹெச்ஆர்சி ஃபைலில், பைண்ட்கீ என்ற கமாண்டாக. பைண்ட்கீ, இடம், ஒற்றை மேற்கோளுக்குள் கீயின் வரிசை, இடம், வேலையின் பெயர். இங்கே எஸ்கேப்பை ^[ என்றே எழுதலாம், அதாவது கன்ட்ரோல்+வி அடித்துப் பார்த்ததை அப்படியே. அப் ஆரோ தேடலுக்கு இங்கே பெயர் ஹிஸ்டரி-பிகினிங்-சர்ச்-பேக்வர்ட். வெறுமனே பைண்ட்கீ என்று அடித்தால் முழுப் பட்டியலும் வரும்.

மேக்கில் இன்னும் சில கண்ணிகள் உண்டு. ஆப்ஷன்+பஸ் பி அடித்தால் கணக்குப் புத்தகத்து ∫ குறி வருகிறதா? டெர்மினல் அமைப்பில் புரொஃபைல், கீபோர்டு பக்கத்துக்குப் போய் ஆப்ஷனை மெட்டா கீயாக, அதாவது ஆல்ட்டாகப் பயன்படுத்தச் சொல்லும் பெட்டியை டிக் செய்யுங்கள். கன்ட்ரோல்+லெஃப்ட் அடித்தால் திரையே நகர்ந்து வேறு டெஸ்க்டாப் வருகிறதென்றால் அது ஷெல் வரை வரவே இல்லை, சிஸ்டம் நடுவில் பிடுங்கிக்கொண்டது. கன்ட்ரோல்+யூ இங்கே கர்சர் எங்கே நின்றாலும் முழு வரியையும் வெட்டும். பேஷில் பழகிய கை முதல் நாள் திகைக்கும்.

இன்னொன்று எவ்வளவு பேரைக் குழப்பியிருக்கிறது தெரியுமா! பெரிய எழுத்தில் எடிட்டர் என்ற சூழல் மாறியில் (புரோகிராம்கள் பார்த்துக்கொள்வதற்காக நாம் வைக்கும் மதிப்பு) விம் என்று போட்டதும் கன்ட்ரோல்+ஏ, கன்ட்ரோல்+ஈ இரண்டும் செத்துப்போகும். அந்தப் பெயருக்குள் விஐ (விம்முக்கு முன்னோடியான எடிட்டர்) என்ற இரண்டெழுத்து இருந்தாலே, 'இவருக்கு விஐதான் பிடிக்கும்போல' என்று இசட்ஷெல் தானாக முடிவெடுத்து விஐ முறைக்கு மாறிவிடுகிறது. இசட்எஸ்ஹெச்ஆர்சியில் மற்ற பைண்ட்கீ வரிகளுக்கு மேலே பைண்ட்கீ, இடம், கழித்தல் குறி ஈ என்று ஒரு வரி போட்டால் ஈமேக்ஸ் முறை திரும்பும்.

கன்ட்ரோல்+டபிள்யூ முழுப் பாதையையும் அழித்துவிடுகிறது. கடைசி ஃபோல்டர் மட்டும் போனால் போதும்.

பேஷில் கன்ட்ரோல்+டபிள்யூ இடைவெளி வரை வெட்டும். ஆல்ட்+பேக்ஸ்பேஸ் சாய்வுக்கோட்டில் நின்றுவிடும். அதைப் பழகினால் எதையும் மாற்ற வேண்டாம். இல்லை, கன்ட்ரோல்+டபிள்யூவே அப்படி நடக்க வேண்டும் என்றால் யூனிக்ஸ்-ஃபைல்நேம்-ரபவுட் என்ற வேலையை அதற்குக் கொடுங்கள். கொடுத்தும் மாறாது! அந்தக் கீ டெர்மினலின் சொந்த அமைப்பிலும் 'வார்த்தையை அழி' என்று பதிவாகியிருப்பதால் ரீட்லைன் ஒவ்வொரு தடவையும் அதற்கே திரும்பிப் போகும். இன்புட்ஆர்சியில் செட், பைண்ட்-டிடிஒய்-ஸ்பெஷல்-சார்ஸ், ஆஃப் என்ற வரியையும் சேர்த்தால்தான் நம் பேச்சு எடுபடும். இசட்ஷெல்லில் பெரிய எழுத்தில் வேர்ட்சார்ஸ் என்று ஒரு மாறி இருக்கிறது. அதிலிருந்து சாய்வுக்கோட்டை எடுத்துவிட்டால் போதும்.

விஐ முறைக்கு மாறலாமா?

நாள் முழுக்க விம்மில் இருப்பவர் மாறலாம். செட், இடம், கழித்தல் குறி ஓ, இடம், விஐ. நான் ஒரு வருஷம் வைத்திருந்து விட்டுவிட்டேன். விஐயில் எழுத்து சேர்க்கிற நிலை, கமாண்ட் நிலை என்று இரண்டு உண்டு; எதில் நிற்கிறோம் என்று ஷெல்லில் தெரிவதில்லை. இன்புட்ஆர்சியில் செட், ஷோ-மோட்-இன்-ப்ராம்ப்ட், ஆன் என்று போட்டால் ப்ராம்ப்டில், அதாவது நாம் அடிக்கிற வரிக்கு முன்னால் ஷெல் போடுகிற குறியில், ஒரு அடையாளம் காட்டும். அதைப் பார்த்துப் பார்த்து அடிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. எஸ்கேப் அடித்ததும் ஒரு கணம் தயங்கும், அதுவும் எரிச்சல். எஸ்கேப் வந்ததும், இது தனி எஸ்கேப்பா அல்லது ஆரோ கீயின் முதல் எழுத்தா என்று ஷெல் காத்துப் பார்க்கிறது. இசட்ஷெல்லில் பெரிய எழுத்தில் இருக்கும் கீடைம்அவுட் மாறியின் வழக்கமான அளவு 40, அதாவது 0.4 விநாடி. 5 அல்லது 10 ஆக்கினால் தயக்கம் தெரியாது. ரொம்பவும் குறைத்தால் மெதுவான இணைப்பில் ஆரோ கீகள் உடைந்து வரும்.

பில் ஜாய் விஐயை எழுதிய ஏடிஎம்-3ஏ (இங்கே டாக்டர் டி) டெர்மினலில் எஸ்கேப் இருந்த இடம் இன்றைய டேப்பின் இடம். சுண்டுவிரலுக்குப் பக்கத்திலேயே. இன்றைக்கு அது எங்கேயோ மேல் மூலையில் இருப்பது அவர் குற்றமில்லை.

டிமக்ஸ், ஸ்கிரீன் உள்ளே போனால் சில கீ தொலைந்துவிடுகிறதே?

ஒரே டெர்மினலுக்குள் பல ஷெல்களை வைத்துக்கொள்ள உதவும் புரோகிராம்கள் இவை இரண்டும். ஸ்கிரீன் கன்ட்ரோல்+ஏவைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். வரியின் தொடக்கத்துக்குப் போக கன்ட்ரோல்+ஏ அடித்துப் பிறகு தனியாக ஏ. டிமக்ஸ் எடுத்துக்கொள்வது கன்ட்ரோல்+பஸ் பி. இரண்டு தடவை அடித்தால் ஒன்று ஷெல்லுக்குப் போகும். டிமக்ஸுக்குள் எஸ்கேப் இழுத்தால் அதன் எஸ்கேப்-டைம் அமைப்பைக் குறையுங்கள், நெடுங்காலம் அது 500 மில்லிசெகண்டாகவே இருந்தது.

சுண்டுவிரல் வலிக்கிறது. நல்ல கீபோர்டு வாங்கினால் சரியாகுமா?

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றிப் பாருங்கள், காசு செலவில்லை. டெலிடைப் காலத்தில் கன்ட்ரோல் அங்கேதான் இருந்தது, ஏ எழுத்துக்கு இடப் பக்கம். பிற்பாடு ஐபிஎம்மின் பெரிய கீபோர்டு வந்தபோதுதான் கீழ் மூலைக்கு விரட்டப்பட்டது. மேக்கில் கீபோர்டு அமைப்பின் மாடிஃபையர் கீ பகுதியிலும், லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப்பில் ட்வீக்ஸிலும், விண்டோஸில் பவர்டாய்ஸிலும் இதை மாற்றலாம். மாற்றுவது உங்கள் கைக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டரில்தான், சர்வரில் எதையும் தொட வேண்டாம். எங்கே எஸ்எஸ்ஹெச் செய்தாலும் கூடவே வரும்.

அதற்குப் பிறகும் வாங்கியே தீருவேன் என்றால், அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்து போய், கடையில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி ஹோம், எண்ட் இரண்டும் தனிக் கீகளாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எஃப்என் அழுத்தினால்தான் ஹோம் வரும் என்கிற ரகத்தை நான் வாங்க மாட்டேன். விளக்கு எரிகிறதா என்பதை மட்டும் பார்த்து ஒன்று வாங்கி வந்து டிராயரில் போட்டிருக்கிறேன்.

டெர்மினலில் தமிழில் அடிக்கலாமா?

அடிக்கலாம். ஆனால் திருத்துவது கொஞ்சம் தள்ளாட்டம். யூனிகோடில் 'கி' என்பது 'க' ஒன்று, 'ி' குறி ஒன்று என இரண்டு. யுடிஎஃப்-8ல் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 6. திரையில் எத்தனை கட்டம் பிடிக்கும் என்று ஷெல் ஒரு கணக்குப் போடுகிறது. டெர்மினலும் எழுத்துருவும் வேறு கணக்கில் வரைகின்றன. கர்சர் ஓரிடத்தில் நிற்க, எழுத்து வேறிடத்தில் அழியும். அதனால் தமிழ்ப் பெயருள்ள ஃபைல்களுக்கு நான் முதல் எழுத்தை மட்டும் அடித்து டேப் போட்டுவிடுவேன்.

ஃபைல்களைப் பட்டியலிட எல்எஸ் அடித்தால் 'க' இருக்க வேண்டிய இடத்தில் \340\256\225 என்று வருகிறதா? அந்த சர்வரில் லோகேல் (மொழி, எழுத்து) அமைப்பு வெறும் பெரிய சி என்று இருக்கிறது. பெரிய எழுத்தில் இருக்கும் லேங் மாறியை யுடிஎஃப்-8 உள்ள லோகேலுக்கு மாற்றுங்கள், ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தமிழ்99 கீபோர்டு அமைப்பைப் போட்டிருக்கும்போது கன்ட்ரோல், ஆல்ட் சேர்க்கைகள் சில டெர்மினல்களில் போய்ச் சேராது. ஆல்ட்+எஃப் என்று நாம் நினைப்போம், அந்தக் கீயில் மெய்யெழுத்துப் புள்ளி அல்லவா உட்கார்ந்திருக்கிறது! ஆங்கிலத்துக்கு மாற்றி அடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

எல்லாரும் ஒரே அக்கவுன்டில் லாகின் செய்கிற சர்வர். அங்கே என் இன்புட்ஆர்சியை வைக்கலாமா?

கூடாது. உங்கள் ஃபைலை வேறு பெயரில் ஒரு ஓரமாக வைத்துக்கொண்டு, லாகின் செய்ததும் பைண்ட், இடம், கழித்தல் குறி எஃப், இடம், அந்த ஃபைலின் பெயர். அந்த ஷெல்லுக்கு மட்டும் பொருந்தும், மூடினால் போய்விடும்.

பொது அக்கவுன்டில் யாரோ ஒரு புண்ணியவான் விஐ முறையை நிரந்தரமாகப் போட்டுவிட்டுப் போன ராத்திரி எனக்கு இன்னும் மறக்கவில்லை. டிஸ்க் நிரம்பிக்கொண்டிருக்கிறது. பாதி அடித்த கமாண்டில் ஆல்ட்+பஸ் பி அடிக்கிறேன், பின்னால் போகிறது, சரி. அடுத்து எக்ஸ் எழுத்தை அடித்தால் எழுத்து சேராமல், இருந்த எழுத்து ஒன்று காணாமல் போகிறது. ஆல்டோடு போன எஸ்கேப் என்னை விஐயின் கமாண்ட் நிலைக்குக் கொண்டுபோய் விட்டிருந்தது. அது புரிகிற வரை என் கீபோர்டில்தான் கோளாறு என்று கீழே தட்டிக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் அப்படி ஆனால் முதலில் கன்ட்ரோல்+சி அடித்து அந்த வரியைக் கைவிடுங்கள். பிறகு செட், இடம், கழித்தல் குறி ஓ, இடம், ஈமேக்ஸ்.